அம்மாவின் 31ஆம் நாள் நினைவு மலரைத் தயாரிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் 31ஆம் நாள் கிரியைகளான அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் புறப்படும்போது கையில் கொடுக்கப்படும் சிறு நூலைக் கல்வெட்டு என்றும் நினைவு மலர் என்றும் அழைக்கிறோம். காலமானவர் வீட்டின் தாயாக இருந்தால் அதைத் தொகுக்கும் பொறுப்பு பிள்ளைகளில் ஒருவர் தலையில் விழும். துக்கம் விசாரிக்க வருவோரைக் கவனித்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை என்பதால், எட்டாம் நாளையொட்டி நடக்கும் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த கையோடு தொடங்கிவிடுவது நல்லது.

முதலில் திதியை உறுதிசெய்ய வேண்டும். இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றைத் திதி வெண்பாவில் அமைப்பது வழக்கம். ஆண்டுத் திவசம் திதிப்படி செய்யப்படுவதால், பேரப்பிள்ளைகள் பின்னாளில் தேடிப் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். கனடாவிலோ இங்கிலாந்திலோ காலமானவருக்கு அந்நாட்டு நேரத்தை வைத்துக்கொண்டு இலங்கைப் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் திதி மாறிவிடக்கூடும் என்பதால், ஊரையும் நேரத்தையும் சொல்லிக் குருக்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வெண்பா எழுதத் தெரிந்தவர் கிடைக்காவிட்டால், தளை தட்டும் பாட்டைப் போடுவதைவிட விவரத்தை உரைநடையில் அச்சிடுவது மேல்.

மலரின் உயிர் வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. பெரும்பாலான மலர்கள் சறுக்குவதும் அங்கேதான். தகப்பனாரின் உத்தியோகத்துக்கு ஒரு பந்தி, கணவரின் பதவி உயர்வுகளுக்கு இரண்டு பந்தி, பிள்ளைகளின் பட்டங்களுக்கு ஒரு பக்கம் என்று போய், அம்மாவுக்கு “விருந்தோம்பலில் சிறந்தவர்” என்ற ஒரு வரியே மிஞ்சுகிறது. இதைத் தவிர்க்க, அவருடைய சகோதரியிடம் பள்ளிக்கூடக் காலத்தையும், பக்கத்து வீட்டாரிடம் அன்றாடப் பழக்கங்களையும் தனித்தனியே கேட்டு எழுதுங்கள். போரால் யாழ்ப்பாண மக்கள் ஒரேயடியாக வெளியேறிய 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வின்போது வீட்டைப் பூட்டிவிட்டு அவர் எதைக் கையில் எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தார் என்ற ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில், பத்து அடைமொழிகளைவிட அவரை நன்றாகக் காட்டும். ஒடியல் கூழுக்கு என்னென்ன வேண்டும் என்று அவர் கொப்பியில் எழுதி வைத்த பக்கமோ, சீட்டுக் கணக்கோ இருந்தால், அவருடைய கையெழுத்திலேயே படமெடுத்துச் சேருங்கள்.

கணவரின் பக்கத்தை வேறொருவர் அலங்காரமாக எழுதிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது, அது வேண்டாம். அவர் “என்னத்தை எழுதுறது” என்றுதான் சொல்வார். அருகில் இருந்து பேச்சுக் கொடுத்து, அவருடைய சம்மதத்துடன் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். “அவ இல்லாமல் தேயிலைப் பேணி எங்க இருக்கெண்டும் எனக்குத் தெரியேல்லை” என்று சொன்னால், அந்தப் பேச்சு வழக்கைத் திருத்தாமல் அப்படியே அச்சிடலாம்.

இரங்கலுரை எழுதிக் கொடுக்கும் உறவினரும் நண்பரும் “ஈடுசெய்ய முடியாத இழப்பு” என்பதோடு நின்றுவிடாமல், அவரிடம் தாம் கண்ட ஒரு செயலைச் சேர்த்து எழுத வேண்டும். நோயின் விவரங்களை எழுதக்கூடாது. “பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த புண்ணியவதி” என்று புகழ்வோர் இன்னும் இருக்கிறார்கள். தனித்து நிற்கும் கணவருக்கு அது ஆறுதலாகாது, அதைப் படிக்கும் கைம்பெண்களையும் அது குத்தும் என்பதால், தொகுப்பவர் தயங்காமல் நீக்கிவிடலாம்.

பஞ்சபுராணம் எனப்படும் ஐந்து திருமுறைப் பாடல்கள், சிவபுராணம் ஆகியவற்றைப் பிழையற்ற பதிப்பைப் பார்த்துச் சேருங்கள். தாய்க்காகப் பட்டினத்தார் பாடிய பாடல்களையும் பலர் சேர்ப்பர். நடுவில் கம்பி தைக்கும் நூலில் பக்க எண்ணிக்கை 4இன் மடங்காக இருக்க வேண்டும். எஞ்சும் பக்கங்களை வம்சாவளிக்கு ஒதுக்கலாம். அச்சுக்கு முன் பெயர்களை இரு பக்கத்து உறவினரிடமும் காட்டுங்கள்; ஒரு மருமகளின் பெயர் விடுபட்டால் அடுத்த கலியாண வீடு வரை அந்தக் கதை ஓடும். நன்றி நவிலலில் ஆட்களை அடுக்காமல் பொதுவாகச் சொல்வதே பாதுகாப்பு.

இத்தகைய மலர்களையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் பேணிவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதியை அனுப்பலாம். அப்படி அனுப்புவதானால், உயிரோடு இருப்பவர்களின் முகவரிகளையும் தொலைபேசி எண்களையும் பிறந்த தேதிகளையும் அச்சுக்குப் போகும் முன்பே எடுத்துவிடுங்கள்.