மூடிப்போன ஒரு பாரை அட்டையில் கட்டுவோம்

சான் ஃபிரான்சிஸ்கோவில் கோல் தெரு 937ஆம் எண்ணில் 1966 முதல் 1989 வரை 'மாட்ஸ்' இருந்தது. ரிக்கி ஸ்ட்ரைச்சர் நடத்திய லெஸ்பியன் பார். 1980களில் அமெரிக்கா முழுக்க இப்படிச் சுமார் 200 பார்கள் இருந்தன என்கிறார்கள். 2020க்குள் இருபதுகூட மிஞ்சவில்லை. மேக்கன் ரீட் என்ற கலைஞர் அப்படியொரு பாரை, பூல் மேசையோடு சேர்த்து, ஆட்கள் உள்ளே போய் வரும் அளவில் கட்டிக் காட்டினார். நமக்கு ஒரு ஷூ பெட்டி போதும்.

முதலில் ஓர் ஆண்டை முடிவு செய்யுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம், காரணம் பிறகு புரியும். அடுத்து அந்த இடத்தின் பழைய புகைப்படங்களைத் தேடி எடுங்கள்.

அளவு எளிது: ஓர் அடிக்கு அரை அங்குலம். 12 அங்குலப் பெட்டி 24 அடி அறையாகிவிடும். கவுன்ட்டர் உயரம் ஒன்றே முக்கால் அங்குலம், ஸ்டூல் ஒன்றேகால். பூல் மேசை மூன்றரை அங்குல நீளம். மேலே பச்சைத் துணி ஒட்டுங்கள்.

கவுன்ட்டரில் மட்டும் அவசரம் கூடாது. அட்டையை வெட்டி, செய்தித்தாள் துண்டுகளை மைதா பசையில் நனைத்து மூன்று அடுக்கு ஒட்டி, ஓர் இரவு காயவிடுங்கள். பழுப்பு பெயின்ட் அடித்த பிறகு, முழங்கைகள் படும் விளிம்பை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பல வருடம் ஆட்கள் சாய்ந்து பேசிய விளிம்பு அது, புதுசு மாதிரி பளபளக்கக் கூடாது.

சுவர்களுக்குப் படத்தில் பார்த்த நிறத்தை அடியுங்கள். எந்தப் படத்திலும் தெரியாத மூலையை ஊகித்து நிரப்பாதீர்கள். வெறும் அட்டையாகவே விடுங்கள். நமக்கு வந்து சேராமல் போனது எவ்வளவு என்று பார்ப்பவருக்கும் தெரியட்டும்.

சரி, கவுன்ட்டருக்குப் பின்னால் யாரை நிறுத்துவது? இங்கேதான் அந்த ஆண்டு வேண்டும். கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்றவரோ அவர் மனைவியோ அல்லாத ஒரு பெண், பாரில் மது ஊற்றிக் கொடுக்கும் வேலைக்கு வர முடியாது என்று சட்டம் இருந்தது. பெண்களுக்கென்றே இருந்த பாரிலும் அதே கதைதான். 1971இல்தான் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

நான் எடுத்துக்கொண்டது 1972. கம்பியை முறுக்கி, காகிதம் சுற்றி, ஒரு பெண்ணைச் செய்து அங்கே நிறுத்தியிருக்கிறேன். கையில் ஒரு துடைக்கும் துணி.