படகு ஜிபிஎஸ்ஸை லினக்ஸ் நிரலில் படிப்பது

பாம்பன், மண்டபம் விசைப்படகில் யுஎஸ்பி ஜிபிஎஸ்ஸை ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் செருகினால், நிரல் கருவியை நேரடியாகத் தொடாது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், கருவியோடு பேசும் சீரியல் டிரைவர் அதை ஒரு கோப்பாகக் காட்டும். திறந்து வாசிப்பதுதான் நம் வேலை.

செருகியதும் கெர்னல் பதிவைப் பாருங்கள். 'டிடிஒய் யுஎஸ்பி 0' (ttyUSB0) போலக் கோப்பின் பெயர் வராவிட்டால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். உப்புக்காற்றில் முனை பச்சை பூத்திருக்கும்.

கோப்பைத் திறக்க அனுமதி இல்லை என்றால் நிரலை ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, ஓட்டாதீர்கள். பயனரை, சீரியல் கோப்புகளைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் (dialout) குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

தரவு வரும் வேகம் (நொடிக்கு இத்தனை பிட்) பழைய கருவிகளில் 4800, புதியவற்றில் பெரும்பாலும் 9600. தவறினால் குப்பை எழுத்துதான். வந்ததைத் திருப்பி அனுப்பும் எக்கோ அமைப்பையும் அணையுங்கள், இல்லாவிட்டால் வந்த வரியைக் கெர்னல் கருவிக்கே திருப்பி அனுப்பும்.

பெரிய தலைவலி இன்ஜின் ஸ்டார்ட். வோல்ட் இறங்கி யுஎஸ்பி அறுந்து திரும்பும். நிரல் பழைய கோப்பை விடாமல் பிடித்திருப்பதால் கருவி '0'-க்குப் பதில் '1' என்ற எண்ணில் வரும். வாசிப்பில் பிழை வந்தால் கோப்பை உடனே மூடித் திறவுங்கள். கருவிக் கோப்புகளுக்குப் பெயரிடும் யூடெவ் (udev) விதியில் கருவியின் அடையாள எண்ணுக்கு நிலையான பெயர் கொடுங்கள்.

ஜிபிஎஸ் வரியில் அட்சரேகை 0917.28 என்று வந்தால் அது 9 பாகை 17.28 கலை (60 கலை ஒரு பாகை), அதாவது 9.288, ராமேஸ்வரம். 9.1728 என்று எடுத்துக்கொண்டால் படகு சுமார் 13 கி.மீ. தெற்கே நிற்பதாகக் காட்டும்.