"அரசாணை வந்தாச்சு" என்று தட்டிவிடும் முன்: திட்டங்களைப் பற்றிய இணையச் சண்டைகளில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 43 பேர். பாதிப் பேர் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம், கால்வாசி வளைகுடா, மிச்சம் சென்னையும் பெங்களூரும். பிறந்தநாள் வாழ்த்து, துக்கச் செய்தி, சக்கைப்பழப் படம் இவை போக, அங்கே நிரந்தரமாக ஓடுவது அரசாங்கத் திட்டங்களைப் பற்றிய சண்டைதான். துறைமுகம், மணல், அணுமின் நிலையம், ஆதார், ரேஷன் மெஷின் என்று விஷயம் மாறிக்கொண்டே இருக்கும். தவறுகள் மட்டும் மாறாது. நானும் எல்லாவற்றையும் செய்தவன்தான், அதிலும் முதல் தவறைப் பலமுறை.

அது "வந்தாச்சு" என்ற சொல். 2016 ஜூலையில் இனயம் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. உடனே பாதிப் பேருக்குத் துறைமுகம் வந்தாச்சு, வேலை வந்தாச்சு. மீதிப் பேருக்குக் கடற்கரை போயாச்சு. உண்மையில் அன்றைக்கு வந்தது ஒரு தலையசைப்பு மட்டும்தான். அதற்கு அப்புறம் விரிவான திட்ட அறிக்கை, சுற்றுச்சூழல் அனுமதி, மக்களிடம் கருத்துக்கேட்பு, நிலம், பணம் என்று எத்தனையோ படிகள் உண்டு. இனயத்தில் எதிர்ப்பு வலுத்தது, பிறகு இடமே கன்னியாகுமரி பக்கத்துக் கோவளத்துக்கும் மணக்குடிக்கும் நடுவே என்று மாறியது, அங்கேயும் எதிர்ப்பு. துறைமுகம் இன்றுவரை எழவில்லை.

"கொள்கை அளவில்தானே, எதற்குக் கத்துகிறீர்கள்" என்று கேட்டவர்களும் தவறினார்கள் என்றுதான் சொல்வேன். ஒரு திட்டத்துக்கு மறுப்புச் சொல்ல உருப்படியான நேரமே அது வரைவாக இருக்கும்போதுதான். ஆணை கைக்கு வந்தபின் மிஞ்சுவது கோர்ட் படி. ஆகவே ஒரு செய்தி வந்தால் "நல்லதா கெட்டதா" என்பதற்கு முன்னால், எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கருத்துருவா, வரைவா, மசோதாவா, சட்டமா, நடைமுறைக்கு வந்த சட்டமா?

கடைசி இரண்டுக்கும் நடுவே வருஷக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதற்கான விதிகள் அறிவிக்கப்பட்டது 2025 நவம்பரில்தான், அதுவும் படிப்படியாக நடைமுறைக்கு வரும் என்ற ஏற்பாட்டோடு. இந்த இடைவெளி முழுக்க, "அதான் சட்டம் இருக்குலா, நம்ம நம்பரை வித்தவன் மேல கேஸ் போடு" என்று எங்கள் குரூப்பில் ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம்.

மாநில அரசின் உத்தரவு என்றால் சரிபார்ப்பது இன்னும் எளிது. அரசாணையின் தலையில் மூன்று விஷயம் இருக்கும்: எந்தத் துறை, என்ன எண் (பெரும்பாலும் "அரசாணை (நிலை) எண்" என்று தொடங்கும்), என்ன நாள். நாம் பார்ப்பதோ மேலே இருக்கும் கோபுர முத்திரையை. முத்திரையை எந்தப் பையனும் போனிலேயே ஒட்டிவிடுவான். எண்ணும் நாளும் துறையும் இல்லாமல், "அரசு அதிரடி" என்று சிவப்பு எழுத்தில் வரும் படத்தை நான் இப்போது திறப்பதுகூட இல்லை.

எச்சரித்தார்களா, எச்சரிக்கவில்லையா?

இந்தக் கேள்வியைப் போல எங்கள் மாவட்டத்தைப் பிளந்த கேள்வி வேறில்லை. ஒக்கி புயல். 2017 நவம்பர் கடைசி. இன்றும் ஒவ்வொரு நவம்பர் 30 அன்றும் அதே சண்டை புதிதாகத் தொடங்கும். ஒருவர் வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் படமெடுத்துப் போட்டு, "எச்சரிக்கை விட்டிருக்காங்க பாருங்க" என்பார். கடற்கரை ஊரில் உறவுள்ள இன்னொருவர், "எங்க ஆளுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல்ல" என்பார். அடுத்த பத்து நிமிஷத்தில் ஒருவர் பொய்யர், மற்றவர் துரோகி.

இரண்டு பேரும் சொன்னது உண்மையாக இருக்க முடியும் என்று எனக்கு உறைக்கவே இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த நாட்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 29ஆம் தேதி காலையில் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். ஒக்கி என்ற பெயரோடு புயலானது 30ஆம் தேதி காலையில், ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே. ஒரு நாள் அவகாசம்தான். "தாழ்வு மண்டலம்" என்ற சொல் கரையில் யாரையும் ஓட வைக்காது. அதைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது மரத்துப்போயிருக்கிறது. இது ஒன்று. இரண்டாவது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் விசைப்படகுகள் காலையில் போய் மாலையில் திரும்புகிறவை அல்ல. சுறாவுக்கும் சூரைக்கும் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்குகிறவை, லட்சத்தீவு, குஜராத் கடல் வரை போகிறவை. படகில் இருக்கும் வி.எச்.எஃப். ரேடியோ சில பத்து கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. கரையில் எவ்வளவு உரக்கச் சொன்னாலும் அந்தக் காதுக்குப் போய்ச் சேர வழியே இல்லை.

ஆகவே "எச்சரிக்கை விட்டார்களா" என்று கேட்டதே பிசகு. எப்போது, எந்தச் சொல்லில், யாருக்கு, எதன் வழியாக என்று கேட்டிருந்தால், பொறுப்பு எங்கே தவறியது என்று விரல் வைத்துக் காட்டியிருக்கலாம். அந்த டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்த மக்களின் கேள்வியும் அதைச் சுற்றித்தான் இருந்தது. கடலில் இருப்பவனை ஏன் தேடிப் போகவில்லை, ஏன் சேதி சொல்ல முடியவில்லை? இணையத்தில்தான் அதை ஒற்றை "ஆம், இல்லை" ஆக்கிவிட்டோம்.

அதற்கு அப்புறம் வந்த கருவிகளைப் பற்றிய விவாதத்திலும் இதே குளறுபடி. 2019 அக்டோபரில் அறிமுகமான ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குச் சேதி கொண்டுவரும். படகிலிருந்து பதில் அனுப்ப அதில் முடியாது, அது ஒருவழிப் பாதை. பின்னால் வந்த டிரான்ஸ்பாண்டரில் இரு பக்கமும் சேதி போகும், படகு நிற்கும் இடமும் கரைக்குத் தெரியும். "உயிர் காக்கும் கருவி" என்பவர் எதைச் சொல்கிறார், "எங்களை வேவு பார்க்கும் கருவி" என்பவர் எதைச் சொல்கிறார் என்று கேட்காமலே நாம் பக்கம் சேர்ந்துவிடுகிறோம். மீன் எங்கே கிடைக்கிறது என்பது ஒரு படகுக்காரரின் தொழில் ரகசியம். அதை யார் பார்ப்பார்கள் என்று அவர் கேட்டால், அதைத் தொழில்நுட்பப் பயம் என்று சிரிப்பது மடத்தனம்.

மறுத்தார்கள், அதனால் உண்மை

கூடங்குளம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் எங்கள் குரூப்பைப் பொறுத்தவரை அது பக்கத்து வீடு. 2019 அக்டோபர் கடைசியில், அங்கே கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது என்று சேதி பரவியது. 29ஆம் தேதி நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது. பரவுவது தவறான தகவல், அணுஉலைக் கட்டுப்பாட்டு அமைப்பு இணையத்தோடு இணைக்கப்படவே இல்லை, அதன் மீது தாக்குதல் சாத்தியமில்லை என்றார்கள். மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீநிரல் கண்டறியப்பட்டது சரிதான், செப்டம்பர் 4 அன்றே இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எங்களுக்குத் தெரிவித்தது, பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு தொடர்புள்ள ஒரு கணினி என்று ஒப்புக்கொண்டது.

ஒரு தரப்பு "பாத்தியா, ரியாக்டரையே ஹேக் பண்ணியாச்சு" என்றது. இன்னொரு தரப்பு முதல் நாள் மறுப்பையே இரண்டாம் நாளும் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முதலாவது கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாவது அலுவலகக் கணினியைப் பற்றி. நேருக்கு நேர் முரண் இல்லை. ஆனால் முதல் அறிக்கையை எழுதிய விதம், ஒன்றுமே நடக்கவில்லை என்று படிக்கத் தோன்றும்படி இருந்தது. ஏறக்குறைய எட்டு வாரம் தெரிந்திருந்தும் வாய் திறக்காமல், செய்தி கசிந்தபின் முதலில் மறுத்து, மறுநாள் ஒத்துக்கொண்டால், அடுத்த முறை உண்மையான மறுப்பையும் யாரும் நம்ப மாட்டார்கள். இதில் அரசுத் தரப்பின் தவறுதான் பெரிது. நம் தவறு, "மறுத்தார்கள், ஆகவே உண்மை" என்பதை அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் சூத்திரமாக்கிக்கொண்டது.

அந்தச் சூத்திரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில், கருமணல் மேல் கதிர்வீச்சு மீட்டரை வைத்தால் அது கிரிக் கிரிக் என்று கூடுதலாகவே சத்தம் போடும். யாராவது அதை வீடியோ எடுத்து, "கூடங்குளம் கசிகிறது" என்று தலைப்புப் போட்டால் பார்ப்பவருக்குக் குலை நடுங்கும். ஆனால் அந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, மோனசைட்டில் கதிர்வீச்சு விடும் தோரியம் இருக்கிறது. 1909 வாக்கில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். அணுஉலை என்ற ஒன்று உலகத்திலேயே இல்லாத காலம் அது. இயற்கையாக உள்ள கதிர்வீச்சு, அந்த மணலைத் தோண்டிப் பிரிப்பதால் வரும் விளைவு, அணுஉலையின் ஆபத்து, இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். கிள்ளியூர் வட்டாரத்தில் மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்ப்பவர்கள் கேட்பது இரண்டாவது கேள்வி. அதற்குப் பதிலாக "மணல் இயற்கையாவே இப்படித்தான்" என்று மடக்குவதும், அந்தக் கேள்விக்குள் கூடங்குளத்தை இழுத்து விடுவதும் அதைக் கொன்றுவிடும்.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நம்மூரில் ஆளின் பேரைப் பார்த்ததும் அவர் துறைமுகத்துக்கு ஆதரவா எதிர்ப்பா என்று முடிவு கட்டிவிடுகிறோம். எந்தக் கோயில், எந்த சபை, எந்தக் கட்சி என்று கணக்குப் போட்ட பிறகுதான் அவர் எழுதியதைப் படிக்கிறோம். பல நேரம் படிப்பதே இல்லை.

பத்து ரூபாய் வில்லை

இவ்வளவு சண்டை போடும் 43 பேரில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டவர்கள் இரண்டே பேர். வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். இதிலும் ஒரு தவறு சகஜம்: "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பது. சட்டம் தருவது அவர்கள் கையில் உள்ள பதிவை, விளக்கத்தை அல்ல. "இன்ன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பின் நகல்", "இன்ன கோப்பில் உள்ள கடிதங்களின் நகல்" என்று கேட்டால் மறுப்பது கடினம். தனி ஆட்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்பதானால் கவனம் தேவை. நான் மேலே சொன்ன தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவையும் திருத்தியிருக்கிறது. தனிநபர் விவரம் என்று சொல்லி மறுப்பது முன்னைவிட எளிதாகிவிட்டது.

மாமியின் விரல்

கடைசியாக, ஆதார் சண்டை. எங்கள் மாமி இருபத்தைந்து வருஷம் முந்திரி ஆலையில் தோடு உடைத்தவர். அண்டி ஆபீஸ் என்று சொன்னால்தான் எங்கள் பக்கம் புரியும். கொட்டைத்தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். மாமியின் வலது பெருவிரலைப் பார்த்தால், கரிந்து வழுவழுப்பாகிப்போன கட்டை போல இருக்கும். ரேஷன் கடையில் அவருக்கு ரேகை விழுவதில்லை. பெருவிரலை வைத்து, துடைத்து, ஆள்காட்டி விரலை வைத்து, தலையில் தேய்த்துக் கொஞ்சம் எண்ணெய்ப்பசை ஏற்றி மறுபடி வைத்து, கடைசியில் வெறும் பையோடு திரும்பினார். இரண்டு மாதம் இப்படி.

குரூப்பில் சித்தப்பா எழுதினார்: "எனக்கு ஒரு தடவைகூடப் பிரச்சினை வந்ததில்லை. மெஷின் வந்தபிறகுதான் திருட்டு நின்றது." அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், அவர் விரல் சாக்பீஸ் மட்டும் பிடித்த விரல். தம்பி ஒருவன், "இந்த மெஷினே ஏழைகளை ஒழிக்கத்தான்" என்றான். தமிழ்நாட்டில் இரண்டு கோடிக்கு மேல் குடும்ப அட்டைகள். ஒரு பேச்சுக்கு நூற்றில் ஒருவருக்கு ரேகை விழவில்லை என்று வைத்தாலும் இரண்டு லட்சம் வீடு. நூற்றில் 99 பேருக்கு வேலை செய்கிறது என்பதும் உண்மை, அந்த இரண்டு லட்சமும் உண்மை. அந்த இரண்டு லட்சத்துக்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். மாமி மூன்றாவது மாதம் திரும்பி வந்தபிறகே தேடினேன். ரேகை பொருந்தாததால் ரேஷன் மறுக்கக் கூடாது, மாற்று வழியில் கொடுக்க வேண்டும் என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டிருந்தது.

அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் கோபப்படவில்லை. "மெஷின்ல பில்லு விழாம நான் அரிசி எறக்குனா என் கணக்கு இடிக்கும் அண்ணே. ஓ.டி.பி. போட்டுக் குடுத்திருலாம், நம்பர் யார்கிட்ட இருக்கு?" என்றார்.

நம்பர் அத்தானிடம் இருந்தது. மாமியின் மகன், மஸ்கட்டில் கட்டட வேலை. அட்டையில் அவர் நம்பரைப் பதிந்து வைத்துவிட்டு அப்படியே போய்விட்டார். வேலை நாளில் சைட்டில் போன் எடுக்க விட மாட்டார்கள். அவருக்கு லீவு வெள்ளிக்கிழமை. எங்கள் ரேஷன் கடைக்கு மாதத்தின் முதல் இரண்டு வெள்ளியும் லீவு. ஆகவே நம்பரை மாற்றிக் கிடைக்கும்வரை மாமி மூன்றாவது வெள்ளிக்கிழமை காலையில் பையோடு கடை வாசலில் நிற்பார், மஸ்கட்டிலிருந்து அத்தான் ஆறு இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கடைக்காரர் தட்டுவார்.