மொட்டை மாடியில் மோட்டார் டிஷ்: வளைவைப் பிடிக்கும் முறை

ஒரே செயற்கைக்கோளைப் பார்த்து நிற்கும் டிஷ் எப்படியோ சிக்னல் பிடித்துவிட்டால் போதும். அதைத் தாங்கும் குழாய் சற்றுச் சாய்ந்திருந்தாலும் பாதகமில்லை. ஆக்சுவேட்டரால் (மோட்டாரால் நீண்டு சுருங்கும் தண்டு) கிழக்கிலும் மேற்கிலும் திரும்பும் டிஷ்ஷுக்கு அந்தச் சலுகை கிடையாது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் வரிசையாக நிற்கும் செயற்கைக்கோள்கள் நம் வானத்தில் ஒரு வளைவாகத் தெரிகின்றன. டிஷ் சுழலும் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தால்தான் அந்த வளைவைத் தொடர முடியும். இங்கே சென்னை வீடு ஒன்றின் மாடியில் சி-பேண்டுக்கான (4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண் பட்டை) ஆறடி டிஷ், அதை அந்த அச்சில் சுழலவிடும் போலார் மவுண்ட், 18 அங்குல ஆக்சுவேட்டர் ஆகியவற்றைக் கொண்டு விளக்குகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: நடுவில் உள்ள செயற்கைக்கோள் உயரத்தை மட்டுமே சரிபார்க்கும், திசையைச் சரிபார்ப்பவை இரு கோடிகளில் உள்ளவை. இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் நாள் முழுவதும் போராடினாலும் வேலை முடியாது.

முதலில் குழாய். தளத்தில் பதித்த ஓடுகளைத் துளைத்து போல்ட் அடித்தால் அடுத்த மழையில் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும்; எனவே கனமான கான்கிரீட் பீடம் ஒன்றில் குழாயை நிறுத்துவதோ, உறுதியான கைப்பிடிச் சுவரில் பிடிப்பு வைத்துக் கட்டுவதோ நல்லது. புயல் காற்றில் ஆறடி டிஷ் எவ்வளவு விசையை வாங்கும் என்பது 2016 டிசம்பரில் வர்தாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குழாயின் செங்குத்தை ரசமட்டத்தால் ஒரு பக்கம் மட்டும் பார்க்காமல், ஒன்றுக்கொன்று குறுக்கான இரு பக்கங்களிலும் பார்க்க வேண்டும். டிஷ்ஷை ஏற்றிய பிறகு அதன் எடையால் குழாய் வளையக்கூடும் என்பதால் மறுபடியும் ஒருமுறை பார்ப்பது அவசியம்.

அடுத்தது கோணங்கள். சென்னையின் அகலக்கோடு 13.1 டிகிரி. ஆகவே சுழலும் அச்சின் வடக்கு முனை கிடைமட்டத்திலிருந்து 13.1 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். அதாவது அச்சு ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். அச்சைப் பொறுத்து டிஷ் தெற்கே மேலும் 2.3 டிகிரி சாய வேண்டும். செயற்கைக்கோள்கள் எல்லையற்ற தொலைவில் இல்லாததால் தேவைப்படும் திருத்தம் இது. இரண்டையும் கூட்டினால் டிஷ்ஷின் விளிம்புத் தளம் கிடைமட்டத்திலிருந்து 15.4 டிகிரி சாய்ந்து, வானத்தில் 74.6 டிகிரி உயரத்தைப் பார்க்கும். மதுரையில் இவை 9.9-உம் 1.8-உம், கோவையில் 11-உம் 1.9-உம் ஆகும். அச்சுக் கோணத்தை அளக்கக் கைப்பேசியின் சாய்வுமானி போதும். விளிம்பை அளப்பதற்கு, வளையாத நேரான ரீப்பர் கட்டை ஒன்றை வடக்குத் தெற்காக டிஷ்ஷின் வாய்க்குக் குறுக்கே கிடத்தி அதன்மேல் கைப்பேசியை வைக்கலாம். குளிர்நாடுகளுக்காகச் செய்யப்பட்டு இவ்வளவு தாழ்ந்த கோணத்துக்கு இறங்காத மவுண்ட்களும் உண்டு என்பதால், வாங்கும்போதே இதைச் சோதித்துக்கொள்வது நல்லது.

இனி வடக்கு-தெற்கு. தளத்தின் கம்பியும் டிஷ்ஷின் இரும்பும் திசைகாட்டியின் முள்ளை இழுத்துவிடுவதால் மாடியில் அதை நம்புவது வீண். அதைவிடத் தூக்குக்குண்டின் நூல் நம்பகமானது. சூரியன் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியில் அந்த நூலின் நிழல் தரையில் எங்கே விழுகிறதோ அதுவே சரியான வடக்கு-தெற்குக் கோடு. சாக்கட்டியால் அதை வரைந்துகொள்ளலாம். சென்னையில் அந்த நேரம் சராசரியாக நண்பகல் 12:09; பிப்ரவரி நடுவில் 12:23 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 11:53-க்கே வந்துவிடும், ஆகவே அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சாங்கத்தில் உதயமும் அஸ்தமனமும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே வரும் நேரம் அதுதான். டிசம்பரில் நிழல் நீளமாக விழுவதால் ஒரு நிமிடம் பிசகினாலும் திசை 0.4 டிகிரிதான் மாறும். சூரியன் நம் தலைக்கு மிக அருகில் நகரும் மே, ஜூன் மாதங்களில் அதே ஒரு நிமிடம் 1 டிகிரிக்கும் மேலாகத் தின்றுவிடும். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகியவற்றையொட்டி நண்பகலில் நிழலே இருக்காது என்பதால் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். கோடு வரைந்த பிறகு, அச்சுக் குழாயின் இரு முனைகளிலிருந்தும் நூல் தொங்கவிட்டு, இரு குண்டுகளும் சாக்கட்டிக் கோட்டின் மேலேயோ அதற்கு இணையாகவோ நிற்கும்வரை மவுண்டின் தலையைத் திருப்பி, போல்ட்டுகளை அரைகுறையாக மட்டும் இறுக்க வேண்டும்.

ஆக்சுவேட்டரில் இரண்டு கம்பிகள் மோட்டாருக்கும், இரண்டு சுற்றுகளை எண்ணும் சென்சாருக்கும் செல்கின்றன. மோட்டாருக்கு 36 வோல்ட் தேவை என்பதால் ரிசீவருக்கும் அதற்கும் இடையே ரிசீவரின் டைசெக் 1.2 கட்டளைகளை ஏற்று மோட்டாரை ஓட்டும் பொசிஷனர் பெட்டி ஒன்று வேண்டும். சென்சார் கம்பியைத் தனியாக, உறையிட்ட வகையாக இழுத்தால் எண்ணிக்கை குழம்பாது. டிஷ் மவுண்டில் இடிக்காதபடி, ஆக்சுவேட்டரின் உள்ளே இருந்து அதன் ஓட்டத்தை எல்லையில் நிறுத்தும் லிமிட் சுவிட்சுகளை முதலிலேயே வைத்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் வளைந்த தண்டோடு கடைக்குப் போகிறார்கள்.

இப்போது நடுச் செயற்கைக்கோள். சென்னையின் நெடுக்கோடு 80.3 டிகிரி கிழக்கு என்பதால், 83 டிகிரியில் உள்ள ஜிசாட்-30 வளைவின் உச்சிக்கு மிக அருகில் இருக்கிறது. அதைப் பிடிக்க டிஷ் உச்சியிலிருந்து 3.2 டிகிரி மட்டும் கிழக்கே திரும்பினால் போதும். வலுவான டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளின் ஒளிபரப்புத் தடம்) ஒன்றை ரிசீவரில் தேர்ந்து, ஸ்ட்ரெங்த் பட்டையை மறந்து, குவாலிட்டி பட்டையை மட்டும் பார்த்தபடி ஆக்சுவேட்டரைச் சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும். கிடைத்தவுடன் வந்த அலைவரிசைகளின் பெயர்களைப் பார்த்து அது 83-தான் என்று உறுதி செய்துகொள்வது முக்கியம், ஏனெனில் 4 கிகாஹெர்ட்ஸில் ஆறடி டிஷ்ஷின் பார்வை ஏறத்தாழ 3 டிகிரி அகலமானது. பிறகு உயரத்தை மட்டும் திருத்தி உச்ச அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எல்.என்.பி.-யை (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் கருவி) அதன் வளையத்தில் திருப்பி இங்கேயே சரிசெய்துவிட்டால், மற்ற இடங்களில் போலார் மவுண்ட் அந்தத் திருப்பத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். ஸ்ட்ரெங்த் நிறைந்தும் குவாலிட்டி பூஜ்யமாகவே நின்றால், டிஷ்ஷைக் குறை சொல்லுமுன் அருகில் 5ஜி கோபுரம் இருக்கிறதா என்று பார்க்கலாம். 2022-இல் ஏலம் விடப்பட்ட 3300–3670 மெகாஹெர்ட்ஸ் பட்டை சி-பேண்டை ஒட்டியே இருக்கிறது. 3700-க்குக் கீழே உள்ளதை வடிகட்டும் எல்.என்.பி. அதற்கு மருந்து.

கோடிகளுக்கு வருவோம். கிழக்கே 105.5-இல் ஏசியாசாட்-7, மேற்கே 68.5-இல் இன்டெல்சாட்-20 ஆகியவை நல்ல சோதனைக் கற்கள். 105.5-ஐ எட்ட டிஷ் உச்சியிலிருந்து 29.4 டிகிரி கிழக்கே செல்ல வேண்டும். அங்கே ஆக்சுவேட்டரால் உச்ச அளவைப் பிடித்த பிறகு, டிஷ்ஷின் தெற்கு விளிம்பைக் கையால் மெல்ல உயர்த்தியும் தாழ்த்தியும் பார்க்க வேண்டும். கிழக்கில் உயர்த்தும்போதும் மேற்கில் தாழ்த்தும்போதும் குவாலிட்டி கூடினால், மவுண்டின் தெற்கு முனை மேற்கே விலகியிருக்கிறது. தலையை இம்மியளவு திருப்பி அந்த முனையைக் கிழக்கே கொண்டுவர வேண்டும். எதிர்மாறாக இருந்தால் எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். திசையில் 1 டிகிரி தவறு 83-இல் கண்ணுக்கே தெரியாது, ஆனால் இடையே 93.5-இல் உள்ள செயற்கைக்கோளில் கால் டிகிரியாகவும் 105.5-இல் அரை டிகிரியாகவும் வளர்ந்துவிடும். அச்சுக் கோணத்துக்கும் 2.3 டிகிரிச் சாய்வுக்கும் இடையிலான பங்கீட்டைப் பற்றிப் பலர் மிகவும் கவலைப்படுகிறார்கள். கூட்டுத்தொகை சரியாக இருக்கும்வரை, அந்தப் பங்கீட்டில் 1 டிகிரி பிசகினாலும் 105.5-இல் விளையும் தவறு 0.13 டிகிரி மட்டுமே என்பதால் அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். தலையைத் திருப்பிய ஒவ்வொரு முறையும் 83-க்குத் திரும்பி உயரத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி கோடிக்குப் போக வேண்டும்.

இரு கோடிகளும் ஒத்துவந்ததும் போல்ட்டுகளை முழுதாக இறுக்கி, ஒவ்வொரு செயற்கைக்கோளையும் பொசிஷனரில் பதியலாம். நம் ஊரில் அச்சு படுத்துக் கிடப்பதால் டிஷ்ஷின் எடை உச்சியைத் தாண்டும்போது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சாய்கிறது. ஆக்சுவேட்டரின் மூட்டில் இருக்கும் சிறு ஆட்டம் அப்போது வெளிப்படும். எனவே எல்லா இடங்களையும் மேற்கிலிருந்து கிழக்காக வந்தே பதிவது உத்தமம்.

வேலை சரியா என்பதைச் சூரியனே சொல்லும் நாட்கள் ஆண்டில் இரண்டு முறை வருகின்றன. மார்ச் 14-ஐயும் செப்டம்பர் 28-ஐயும் ஒட்டிச் சென்னையில் சூரியன் இந்த வளைவின் மீதே நடக்கிறது. மார்ச்சில் அது சுமார் 10:20-க்கு 105.5-ஐயும், 11:16-க்கு 93.5-ஐயும், 12:05-க்கு 83-ஐயும், பிற்பகல் 1:13-க்கு 68.5-ஐயும் கடக்கும், செப்டம்பரில் இவற்றிலிருந்து சுமார் 18 நிமிடம் கழித்துக்கொள்ள வேண்டும். அந்தந்த நேரத்தில் டிஷ்ஷை அந்தந்த இடத்தில் நிறுத்தினால் எல்.என்.பி.-யின் நிழல் டிஷ்ஷின் நடுவில் விழ வேண்டும். சில நிமிடங்கள் படம் மறைவது இயல்பு. டிஷ் வாங்குவதற்கு முன்பே அந்த நாளில் மாடியில் நின்று பார்த்தால், பக்கத்து வீட்டுத் தென்னையோ தண்ணீர்த் தொட்டியோ எந்தச் செயற்கைக்கோளை மறைக்கும் என்பதும் தெரிந்துவிடும்.