லினக்ஸ் போடும் முன் அந்த 48 எண்களை எழுதி வையுங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்ட பிறகு, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச சிஸ்டமான லினக்ஸ் பற்றி விசாரிக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இல்லை, ப்ராசஸர் பழசு, அதனால் விண்டோஸ் 11 ஏறாது. இந்த மாதிரி மெஷின்களைக் காயலான் கடைக்குத் தள்ளாமல் லினக்ஸ் போட்டுத் தாராளமாக இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்று ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறேன், ஆகவே எனக்கு இதில் நிஜமாகவே சந்தோஷம். புது லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்த்து லினக்ஸும் வேண்டும் என்று வருகிற கல்லூரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஆனால் நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கும்போது பொறுக்கவில்லை. பென் டிரைவில் ஐஎஸ்ஓ ஃபைலை வெறுமனே காப்பி செய்வது, பாஸ்வேர்டை மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவையெல்லாம் அரை மணி நேரத்தில் தானாகப் புரிந்துவிடும். பணத்தையோ ஃபைல்களையோ தின்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன். கவனித்துப் பார்த்தால், இவற்றில் பெரும்பாலானவை லினக்ஸில் நடப்பவையே அல்ல. லினக்ஸைத் தொடும் முன்பே, விண்டோஸில் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுவதால் வருபவை.

எந்த லினக்ஸ் என்று மாதக்கணக்கில் யோசிப்பது

மிண்ட் அல்லது உபுண்டு. எதை எடுத்தாலும் நீண்ட கால ஆதரவு உள்ள எல்டிஎஸ் பதிப்பு. அடுத்த வேலையைப் பாருங்கள்.

பென் டிரைவில் ஓட்டிப் பார்க்காமலே இன்ஸ்டால் செய்வது

பென் டிரைவிலிருந்தே லினக்ஸை முழுசாக ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறாது. இந்த வசதி இருப்பது தெரிந்தும் ஐந்து நிமிடம் மவுஸை நகர்த்திவிட்டு "நல்லா இருக்கு" என்று நேராக இன்ஸ்டாலுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு மாலைப்பொழுதை இதற்கென்றே ஒதுக்குங்கள். வைஃபை பிடிக்கிறதா, யூடியூபில் சத்தம் வருகிறதா, ப்ளூடூத் ஹெட்செட் சேர்கிறதா, மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா, வீடியோ காலில் கேமராவும் மைக்கும் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சில ப்ராட்காம், ரியல்டெக் வைஃபை சிப்புகளுக்கு டிரைவர் தனியாகப் போட வேண்டியிருக்கும். அப்போது போனை யூஎஸ்பி கேபிளில் சொருகி டெதரிங் ஆன் செய்தால் போதும், இன்டர்நெட் வந்துவிடும், டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

பிரிண்டரையும் அப்போதே சொருகிப் பாருங்கள். ஹெச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் பிரச்சினை தராது. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் தென்படும் கேனன் எல்பிபி2900 அப்படியல்ல. அதற்குப் பிரிண்டர்களின் பொது மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாது, கேப்ட் என்ற தனி மொழிதான் தெரியும், டிரைவர் வேலை கொஞ்சம் இழுக்கும். அதை வைத்துப் பிழைப்பு நடத்துகிற கடை என்றால், பிரிண்ட் வரும் வரை விண்டோஸை அழிக்க வேண்டாம்.

ரெக்கவரி கீ கையில் இல்லாமல் பயாஸைத் தொடுவது

இதுதான் எனக்கு இன்னமும் ஆறாத விஷயம்.

டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்றால் அது ஆபீஸ் லேப்டாப் சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இன்று கடையில் வாங்கும் விண்டோஸ் 11 ஹோம் லேப்டாப்பிலும் "டிவைஸ் என்கிரிப்ஷன்" என்ற பெயரில் இருப்பது அதேதான். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு முதல்முறை உள்ளே போனதும், யாரையும் கேட்காமல் டிஸ்க்கைப் பூட்டி, ரெக்கவரி கீயை அந்த அக்கவுன்டில் வைத்துவிடும். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் ஏற்றும்போது இன்னும் நிறைய மெஷின்களில் இது தானாக ஆன் ஆகிறது. தினமும் ஆன் செய்கிறவருக்கு இது தெரியாமலே போவதற்குக் காரணம், டிபிஎம் என்கிற பாதுகாப்பு சிப். கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது முதலில் ஓடும் அமைப்பு) இருக்கும் செக்யூர் பூட், அதாவது கையொப்பம் உள்ள சிஸ்டத்தை மட்டும் கிளம்ப விடும் காவல், முதலானவை நேற்று இருந்தபடியே இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் மட்டும் சாவியைக் கொடுக்கும். ஏதாவது மாறியிருந்தால் கொடுக்காது. நீலத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும்.

என்கிரிப்ஷன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. லேப்டாப் திருடு போனால் உள்ளே இருப்பதைக் காப்பது அதுதான். "முதல்ல செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணுங்க" என்று ஆரம்பித்து, கீயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடிகிற வீடியோக்கள்மேல்தான் கோபம்.

கோத்தகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி, கோயம்புத்தூரில் காலேஜ். லீவுக்கு வந்தவன் வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் பக்கத்திலேயே உபுண்டு போடலாம் என்று உட்கார்ந்திருக்கிறான். அந்த லேப்டாப் அவனுடையது மட்டுமில்லை. அவன் அப்பா சிறு தேயிலை விவசாயி, ஃபேக்டரிக்குப் போகிற பச்சைத் தேயிலை எடை, வர வேண்டிய பணம், ஆள் கூலி என்று எல்லாவற்றையும் எக்செல்லில் அதில்தான் எழுதி வைத்திருந்தார். அக்கா கல்யாண போட்டோக்களும் அதில்தான். ராத்திரி போன் வந்தது.

"அண்ணா, செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணேன். இப்ப நீலமா ஒரு ஸ்கிரீன் வந்து நம்பர் கேக்குது."

"மறுபடி ஆன் பண்ணிப் பாத்தியா?"

"இல்லண்ணா, அதுக்குள்ள ஒரு வீடியோல சொன்னாங்கன்னு டிபிஎம்ம க்ளியர் பண்ணிட்டேன்."

அதோடு எனக்குப் பேச்சு வரவில்லை. செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்திருந்தால் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காததுபோல விண்டோஸ் திறந்திருக்கும். டிபிஎம்மை க்ளியர் செய்துவிட்டால் அதற்குள் இருந்த சாவி போய்விடும். அதன்பின் அந்த 48 எண்களைத் தவிர வேறு வழி கிடையாது.

சரி, கீ மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் இருக்குமே என்று தேடினோம். வீட்டில் இருந்த மெயில் ஐடி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான், எதிலும் இல்லை. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. லேப்டாப் வாங்கிய கடையில், பில் போடும் நேரத்தில் அங்கே வேலை பார்த்த பையன் ஏதோ ஒரு மெயில் ஐடியைப் புதிதாகத் தொடங்கி, தன் போன் நம்பரையே கொடுத்து, "எல்லாம் ரெடி பண்ணிட்டேன் சார்" என்று அப்பாவிடம் கொடுத்திருக்கிறான். அப்பா தினமும் போட்டது நான்கு இலக்க பின் மட்டும், மெயில் ஐடியை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை. கடையில் விசாரித்தால் அந்தப் பையன் வேலையை விட்டு நின்றுவிட்டான். காசு கொடுத்தால் யாராவது திறந்து கொடுப்பார்களா என்று தம்பி கேட்டான். ஏஇஎஸ் குறியாக்கத்தை எந்த சர்வீஸ் சென்டரும் உடைக்க முடியாது, முடியும் என்று சொல்கிறவருக்குக் காசு கொடுக்காதே என்றேன். "அந்தக் கணக்கெல்லாம் எங்கதான் போச்சு?" என்று அவன் அப்பா கேட்டார். எங்கேயும் போகவில்லை, எல்லாம் அந்த டிஸ்கிலேயேதான் இருந்தது. திறக்கத்தான் வழியில்லை.

இதில் இன்னும் எரிச்சலான சங்கதி, அவன் செக்யூர் பூட்டை ஆஃப் செய்ய வேண்டிய தேவையே இருக்கவில்லை. உபுண்டு, மிண்ட், டெபியன், ஃபெடோரா எல்லாமே செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே கிளம்பும், அவற்றின் பூட்லோடரில் (சிஸ்டத்தைக் கிளப்பும் நிரலில்) மைக்ரோசாஃப்டின் கையொப்பம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் சொன்ன அறிவுரையை இன்னும் மாற்றாமல் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் லினக்ஸ் ஆசை வந்த அன்றைக்கே, பென் டிரைவைத் தொடும் முன், விண்டோஸ் செட்டிங்ஸில் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" உள்ளே போய் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனா ஆஃபா என்று பாருங்கள். ஆன் என்றால், உங்கள் போனிலிருந்து அந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டுக்குள் நுழைந்து ரெக்கவரி கீ பக்கத்தைத் திறங்கள். போனிலிருந்து நுழைய முடிகிறதா என்பதே ஒரு சோதனை, நுழைய முடியவில்லை என்றால் விண்டோஸ் இன்னும் திறக்கிற நிலையில் இருக்கும்போதே அதைச் சரிசெய்துவிடலாம். 48 எண்களையும் அதன் கீ ஐடியையும் நோட்டில் எழுதுங்கள், அதே லேப்டாப்பில் சேமித்து வைப்பதால் பயனில்லை. அப்புறம் சார்ஜரைச் சொருகி, என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, முழுசாக முடியும் வரை விடுங்கள். டிஸ்க் பெரிதென்றால் நேரமெடுக்கும், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சில உபுண்டு பதிப்புகளின் இன்ஸ்டாலரே பிட்லாக்கர் ஆனில் இருப்பதைப் பார்த்தால் விண்டோஸ் பக்கத்தில் இன்ஸ்டால் செய்ய மறுத்து நிற்கும். நிற்கிறதே என்று "டிஸ்க்கை அழி" என்பதை அழுத்திவிடாதீர்கள்.

புதிதாக லேப்டாப் வாங்குகிறீர்களா? கடையில் அக்கவுன்ட் போட விடாதீர்கள். பெட்டியைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்கள் மெயில், உங்கள் போன் நம்பர் கொடுத்து நீங்களே போடுங்கள்.

டி டிரைவில் பேக்கப்

அது பேக்கப் இல்லை. பெரும்பாலான லேப்டாப்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்தான்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்

விண்டோஸையும் லினக்ஸையும் ஒன்றாக வைத்திருந்தால், ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸை முழுசாக மூடாமல் வைக்கும் இந்த வசதியை விண்டோஸில் ஆஃப் செய்யுங்கள்.

மழைக்காலத்தில் அப்கிரேட்

சமவெளிக்காரர்களுக்காக எழுதிய குறிப்புகளில் இது இருக்காது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஒரு மரம் லைன்மேல் சாய்ந்தாலும் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன், ஜூலையிலேயே அந்தக் கதை தொடங்கிவிடும். பேட்டரி செத்த பழைய லேப்டாப்பிலும், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பிலும் ஒரு பெரிய பதிப்பிலிருந்து அடுத்ததற்கு அப்கிரேட் ஓட விட்டு, பாதியில் கரண்ட் போனால், சிஸ்டத்தின் பேக்கேஜ்கள் (மென்பொருள் பொதிகள்) பாதி பழசு பாதி புதுசு என்று நின்றுவிடும். உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். உபுண்டுவிலும் மிண்டிலும் கிளம்பும்போது வரும் க்ரப் மெனுவில் (எதைக் கிளப்புவது என்று கேட்கும் பட்டியல்) பழைய கெர்னலை, அதாவது சிஸ்டத்தின் பழைய மையப் பகுதியை, தேர்ந்தெடுக்கலாம். ரெக்கவரி மோடில் உடைந்த பேக்கேஜ்களைச் சரிசெய்வதற்கென்றே ஒரு வரி இருக்கிறது, பல நேரம் அதுவே போதும்.

அப்கிரேடுக்கு முன், சிஸ்டத்தின் அப்போதைய நிலையைச் சேமிக்கும் டைம்ஷிஃப்ட்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். ஆனால் இதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்: டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தை மட்டும்தான் காக்கும், உங்கள் ஹோம் ஃபோல்டரை இயல்பாகவே விட்டுவிடும். டைம்ஷிஃப்ட் இருக்கிறது என்று நம்பிப் போட்டோக்களுக்குத் தனி பேக்கப் எடுக்காமல் இருப்பவர்கள் நிறைய. போட்டோக்களையும் டாக்குமென்ட்களையும் வெளி ஹார்ட் டிஸ்கில் தனியாகக் காப்பி செய்யுங்கள்.

கண்ட கமாண்டையும் ஒட்டுவது

சூடோ (அட்மின் அதிகாரத்தோடு ஓட வைக்கும் சொல்) என்று தொடங்கும் வரியில் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று தெரியாமல் என்டர் தட்டாதீர்கள். அந்த அறிவுரை எந்த வருடம் எழுதியது, எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று பாருங்கள். டெபியனில் உபுண்டுவின் ரெப்பாசிட்டரியை (மென்பொருள் கிடங்கை) சேர்ப்பது, ஒரு சின்ன சாஃப்ட்வேருக்காக முன்பின் தெரியாதவரின் பிபிஏவை (தனியார் கிடங்கை) சேர்ப்பது, இவையெல்லாம் அன்றைக்கு வேலை செய்யும், அடுத்த அப்கிரேடில் பழி வாங்கும். தேடும் சாஃப்ட்வேர் முதலில் சாஃப்ட்வேர் மேனேஜரில் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் எந்த லினக்ஸிலும் ஓடும் பொதிகளான ஃப்ளாட்பேக்கில் தேடுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு லினக்ஸைத் திட்டுவது

பத்து வருடப் பழைய மெஷினில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் எந்த சிஸ்டமும் மெதுவாகத்தான் இருக்கும். எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) இலகுவானது என்று தேடும் நேரத்தில் சுழலும் பாகமில்லாத ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும். ரேம் 2 ஜிபி என்றால் மிண்ட் கிளம்பும், ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் திணறும். குறைந்தது 4 ஜிபி, முடிந்தால் 8.

டேலி

விண்டோஸுக்கான மென்பொருள். ஆடிட்டர் அதைத்தான் கேட்கிறார் என்றால், விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் ஃபைல்களை மறப்பது

இது நம் ஆட்களுக்கு வரும் சிக்கல், ஆங்கிலக் கட்டுரைகளில் தேடினால் கிடைக்காது. டிடிபி கடையில் அடித்து வாங்கிய மனுக்கள், சங்கத் தீர்மானங்கள், கல்யாணப் பத்திரிகைகள் பெரும்பாலும் வானவில், பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்களில் இருக்கும். அவை எந்த மெஷினிலும் ஒரேபோல் தெரியும் பொது எழுத்துமுறையான யூனிகோட் இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், மேலே ஃபான்ட் போர்த்தியிருப்பதால் தமிழாகத் தெரிகிறது. லிப்ரேஆபீஸில் அந்த ஃபான்ட் இல்லாமல் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஏதோ ஒன்று பக்கம் முழுக்க நிற்கும். "லினக்ஸ்ல தமிழ் வராது" என்ற பேச்சு பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

விண்டோஸை அழிக்கும் முன் அந்த ஃபான்ட் ஃபைல்களை எடுத்து வையுங்கள், லினக்ஸில் இரட்டை க்ளிக் செய்து, வரும் ஜன்னலில் இன்ஸ்டாலை அழுத்தினால் போதும். முக்கியமான டாக்குமென்ட்களை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது, அதற்கு இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பாருங்கள், ஒற்றும் கொம்பும் சில இடங்களில் பிசகும்.

டைப் செய்வதற்கு ஐபஸ் என்ற மொழி உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் பேக்கேஜைப் போட்டுக்கொண்டால் தமிழ்99, ஃபொனெட்டிக் இரண்டும் வந்துவிடும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்த கைகளுக்குத் தட்டச்சு முறையும் அதிலேயே இருக்கிறது. பேக்கேஜைப் போட்டதும் ஒருமுறை லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள், அதற்கு முன் பட்டியலில் காட்டாது.