ஓவர்டோஸ் தடுப்பு: களத்துக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டியவை

போதைப்பொருள் எடுப்பவர்கள் ஓவர்டோஸில், அதாவது அளவு மீறிப் போய், சாகாமல் தடுக்கும் களப்பணிக்கு வருகிறீர்கள். ஊசியைப் பகிரக் கூடாது, மதுவோடு மாத்திரை கலக்கக் கூடாது என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். நாங்கள் செய்த அதே தவறுகளைப் புதியவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். அவற்றை மட்டும் சொல்கிறேன்.

"சுத்தமாகிட்டாரு" என்று ஃபைலை மூடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. சிறையிலோ மறுவாழ்வு மையத்திலோ சில மாதங்கள் இருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்து அதே அளவை ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள்: முதல் 2 வாரங்களில் ஓவர்டோஸ் மரண ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு.

ஒருமுறை ஆய்வுக் கூட்டத்தில் ஒரு தம்பி, மையத்திலிருந்து வந்தவர் பெயருக்கு நேரே 'நிறைவு' என்று எழுதியிருந்தான். "இன்னிக்கு ராத்திரி எங்கே படுப்பார்?" என்றேன். பதில் இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லையே! வீட்டில் சேர்க்கவில்லை, ஆதார் அட்டை தொலைந்துவிட்டது, வேலையும் இல்லை. அந்த வாரமே பொதுக் கழிப்பறையில் தனியாக ஊசி போட்டிருக்கிறார். யாரோ கதவை உடைத்ததால் பிழைத்தார்.

வெளியே வரும் தேதிக்கு முன்பே பேசுங்கள். படுக்க இடம், கூட இருக்க ஒரு ஆள், மறுநாளே புப்ரெனார்பின் (ஹெராயின் போன்ற போதைக்குப் பதிலாக மருத்துவக் கண்காணிப்பில் கொடுக்கும் மருந்து) மாற்று சிகிச்சை மையத்துக்குக் கூட்டிப்போவது, இந்த மூன்றும் வேண்டும். பழைய அளவு இப்போது கொல்லும் என்பதையும் நேராகச் சொல்லுங்கள். சொன்னால் தூண்டிவிட்டதாக ஆகிவிடுமோ என்று தயங்குபவர்கள் இந்த வேலைக்கு வேண்டாம்.

போலீஸ் பயத்தை அலட்சியம் செய்வது

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி பயன்படுத்துவதே குற்றம். அதனால்தான் நண்பனை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். "பயப்படாதீங்க" என்பதால் பயனில்லை. 108இல் "மூச்சு விடலை" என்று சொன்னாலே வண்டி வரும் என்று கற்றுக்கொடுங்கள். என்ன எடுத்தார் என்பதை வண்டியில் வருபவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

குறட்டையைத் தூக்கம் என்று நினைப்பது

ஓவர்டோஸில் மூச்சு அடங்கும்போதும் குறட்டை மாதிரிதான் சத்தம் வரும். தட்டி எழுப்புங்கள். எழவில்லையா, 108.

நலோக்ஸோன் கொடுத்ததும் கிளம்புவது

ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதையை முறித்து மூச்சைத் திருப்பும் மருந்து இது. அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். போதை அதற்குமேல் நீடித்தால் மூச்சு மறுபடி அடங்கும். கூடவே இருங்கள். அமெரிக்காவில் 2023 முதல் இதன் மூக்கு ஸ்பிரே மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. நம் ஊர் தெருவாசிக்கு அந்த வசதி இல்லை.

"எங்க ஏரியாவில் பெண்கள் இல்லை"

'இல்லை' என்று எழுதாதீர்கள், நம்மிடம் வரவில்லை என்று எழுதுங்கள்.