படிக்க நேரம் இல்லையா? 10 பக்கம் போதும்

நேரம் கிடைக்கும்போது படிக்கலாம் என்று விட்டால் அந்த நேரம் வரவே வராது, அதனால் தினமும் தவறாமல் செய்கிற ஏதாவது ஒன்றோடு, ராத்திரி பல் தேய்த்ததும் என்பது மாதிரி, படிப்பதை முடிச்சுப் போட்டுவிடுங்கள். அளவு சின்னதாக இருக்கட்டும். ஒரு நாளைக்கு 10 பக்கம் என்றால் வருடத்துக்கு 3,650 பக்கம், அதாவது 300 பக்கப் புத்தகங்கள் 12. போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அது கிடந்த இடத்தில் புத்தகத்தை வையுங்கள், கை தானாகப் புத்தகத்தைத் தேடும் (என் கை முதல் வாரம் தேடவில்லை, அது வேறு கதை).

50 பக்கம் தாண்டியும் பிடிக்காத புத்தகத்தைத் தயங்காமல் மூடுங்கள். எனக்குப் பழக்கம் விட்டுப்போனதெல்லாம் அப்படி ஒன்றில் சிக்கிக்கொண்டுதான். அப்புறம், ஒரு நாள் தவறினால் மறுநாள் 20 பக்கம் என்று ஈடுகட்ட வேண்டாம், அதே 10 தான்.